வெளிநாடு போற ஆக்களுக்கு படம், வீடியோ பற்றின கேள்வி பதில்

கிளிநொச்சியில 14 வருசமா ஸ்டூடியோ வைச்சிருக்கிறன், ரெண்டுதரம் கனடா போய் வந்தனான். கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன். கேட்ட ஆக்களை அவையின்ர ஊர்ப் பேரில போட்டிருக்கிறன்.

விசுவமடு: அண்ணை, தை மாசம் ரொறன்ரோ போறன், அக்கான்ர கலியாணம். கமரா கொண்டு போறன், என்ன கவனிக்கோணும்?

பதில்: முதல் லைற்றைக் கவனியுங்கோ தம்பி. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அங்க 60. இஞ்ச பழகின மாதிரி 25 பிரேமில (செக்கனுக்கு 25 படம்) எடுத்தா ஹோலுக்குள்ள லைற் மினுங்கும், வீடியோவில கறுப்புக் கோடு ஓடும். 30 பிரேம், ஷட்டர் 1/60 செக்கன் எண்டு மாத்துங்கோ. பிறகு குளிர். பற்றரி கெதியா இறங்கும், ஸ்பேர் ஒண்டை ஜக்கெற்றுக்குள்ள உடம்புச் சூட்டோட வைச்சிருங்கோ. வெளியில எடுத்துப்போட்டு வீட்டுக்குள்ள வர முதலே கமராவை ஒரு பொலித்தீன் பையில போட்டு இறுக்கிக் கட்டுங்கோ, ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் திறக்கோணும், இல்லாட்டி ஐஸ்பெட்டியால எடுத்த சோடாப் போத்தில் மாதிரி கமரா வேர்த்து லென்சுக்குள்ள ஈரம் போயிடும். கமரா நேரத்தையும் மாத்துங்கோ, தை மாசம் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு.

முழங்காவில்: ஐபோன் 64 ஜிபி, மூண்டு கிழமைக்குக் காணுமோ?

பதில்: 4கே எண்ட கூடின தரத்தில, 30 பிரேமில ஒரு நிமிசம் 170 எம்பி அளவில வரும், அதைவிடக் குறைஞ்ச 1080பியில 60 எம்பி. 1080பியில எடுங்கோ. ஒவ்வொரு இரவும் லாப்டொப்பில ஒரு கொப்பி, பென்டிரைவில இன்னொரு கொப்பி. ரெண்டையும் ஒரே பாக்கில வைக்காதேங்கோ. பாக் துலைஞ்சா ரெண்டும் துலைஞ்சமாதிரித்தான்.

ஒட்டுசுட்டான்: சென்னைக்கு ட்ரோன், பவர்பாங்க் கொண்டு போகலாமோ?

பதில்: ட்ரோன் வேண்டாம். 2022 மாசியில இருந்து இந்தியாவுக்குள்ள வெளிநாட்டு ட்ரோன் இறக்கத் தடை, கஸ்ரம்ஸில பறிபோகும். பவர்பாங்க் கைப்பையில மட்டும். 20,000 எம்ஏஎச் எண்டால் 74 வாட்-மணி வரும், 100க்குள்ள இருந்தாச் சரி.

மல்லாவி: மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள வீடியோ எடுக்கலாமோ?

பதில்: ஏலாது. 2018இல கோயிலில தீப்பிடிச்சதுக்குப் பிறகு போனே உள்ள விடுறேல்லை. கோபுரத்தை வெளியில நிண்டு எடுங்கோ.

பரந்தன்: எந்தப் போன் வாங்கினா நல்லம்?

பதில்: கையில இருக்கிறதே காணும். லென்சைத் துடையுங்கோ.

கண்டாவளை: அண்ணை, எந்தப் போன் நல்லம்?

பதில்: மேல சொல்லிப்போட்டன். கொப்பி ரெண்டு, ரெண்டு இடத்தில, அதை மறக்காதேங்கோ.

புதுக்குடியிருப்பு: தம்பி, எனக்கு 61 வயசு. என்ர தம்பி 1986இல கனடா போனவன், இப்பதான் முதல்தரம் பார்க்கப் போறன். மகன் போன் வாங்கித் தந்தவன். என்னத்தை எடுக்கிறது?

பதில்: அக்கா, நயாகராவை ஆறுதலா நிண்டு பாருங்கோ, படம் ஒண்டு ரெண்டு காணும். நீங்கள் எடுக்கவேண்டியது தம்பியாற்ற வீட்டு அல்பம். எங்கட சனத்தின்ர படங்கள் 2009இல போட்டது போட்டபடி போச்சு, ஆனா அதுக்கு முந்தி கடிதத்துக்குள்ள வைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பினதுகள் அங்க இருக்கு. அம்மா அப்பான்ர கலியாணப் படம் எங்களிட்ட ஒண்டும் மிஞ்சேல்லை. ஸ்காபரோவில சித்தப்பா வீட்டு பிஸ்கற் ரின்னுக்குள்ள ஒண்டு கிடந்தது, ஒரு மூலை மடிஞ்சு வெடிச்சு, பின்பக்கம் நீலப் பேனையால "பெரியண்ணை கலியாணம்" எண்டு மாமின்ர எழுத்து. அம்மான்ர காலடியில குந்தியிருக்கிற சின்னப் பெட்டை ஆரெண்டு சித்தப்பாவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது, அவர் போன வருசம் மோசம் போயிட்டார். அதாலதான் சொல்லுறன், தம்பியாரைப் பக்கத்தில இருத்தி, வீடியோவை ஓடவிட்டு, படத்தில விரலை வைச்சு ஆர், எந்த ஊர், ஆற்ற பிள்ளை எண்டு சொல்லப் பண்ணுங்கோ. விரலும் குரலும் விழுந்தாக் காணும்.

மாங்குளம்: குறை நினைக்காதேங்கோ அண்ணை, செத்த ஆக்களைக் காட்டி வயசு போனதுகளை அழவைக்கிறது சரியோ? சந்தோசமா நாலு படம் எடுத்தாக் காணாதோ?

துணுக்காய்: அழுதா என்ன தம்பி? என்ர தாய்மாமன்ர முகமே எனக்கு ஞாபகமில்லை, ஒரு படம் இல்லை. ஆரும் காட்டினா நான் கும்பிடுவன்.

மாங்குளம்: என்ர அம்மா, அண்ணான்ர படத்தைப் பார்த்துப்போட்டு ரெண்டு நாள் சாப்பிடேல்லை. வீட்டில இருந்து பார்த்தனான், அதால சொன்னன்.

பதில்: விளங்குது தம்பி. வற்புறுத்தக் கூடாது, குரல் தழுதழுத்தா வீடியோவை நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தில இருங்கோ. அம்மாவுக்கு இப்ப காட்டவேண்டாம், ஆனா நீங்கள் கொப்பி எடுத்து வையுங்கோ. அவா கேக்கிற நாளில எடுத்துக் குடுக்க ஒண்டு இருக்கோணும்.

புதுக்குடியிருப்பு: தம்பி, படம் அல்பத்தோட ஒட்டிப்போய் இருந்தா?

பதில்: பிரிக்காதேங்கோ அக்கா, கிழிஞ்சிடும். யன்னலடியில, வெயில் நேர விழாத இடத்தில அல்பத்தை விரிச்சு வைச்சு, பிளாஷை நிப்பாட்டி, போனை நேர மேல பிடிச்சு நாலு மூலையும் தெரிய எடுங்கோ. கழண்டு வாற படமெண்டால் பின்பக்கத்தையும் எடுங்கோ. வட்ஸ்அப்பில படமா அனுப்பினா தரம் குறையும், டொக்கியுமென்ட் எண்டு அண்டிரவே மகனுக்கு அனுப்பிவிடுங்கோ.