மோட்டாரை நிறுத்துனேனா, இல்லையா?

போன இதழ்ல ஓசிடி பத்தி ஒரு வாசகருக்கு நாலே நாலு வரி பதில் எழுதியிருந்தேன். திரும்பத் திரும்ப வர்ற எண்ணம், அது தர்ற பயம், பயத்த அடக்க திரும்பத் திரும்ப செய்யுற காரியம், இந்த மூணும் சேந்தா ஓசிடி, தமிழ்ல எண்ணச் சுழற்சி நோய்னு சொல்றோம்னு அவ்வளவுதான் எழுதுனேன். அதுக்கு வந்த லெட்டர்கள் மேஜைல ஒரு கட்டு கெடக்கு, அதனால இந்த தடவ வேற கேள்வி எதுவும் எடுக்கல.

கேள்வி: டாக்டர் சார், நான் டவுன் பஸ் கண்டக்டர், என் வீட்டுக்காரிக்கு சுத்தம் ஜாஸ்தி. பால் பாக்கெட்ட மூணு தடவ சோப்பு போட்டு கழுவுவா, நான் கொண்டார சில்லறைய சோப்புத்தண்ணில ஊறப் போட்டுதான் எடுப்பா. டூட்டி முடிஞ்சு வந்தா வாசல் வழியா வரக்கூடாது, கொல்லப்பக்கமா போயி தலைக்கு ஊத்திட்டுதான் உள்ள வரணும், மார்கழி குளுருலயும். எழவு வீட்டுக்கு போயிட்டு வந்தா ரெண்டு நாளு திண்ணைலதான் படுக்கை. மருமக எவ்ளோ மடியா இருக்கான்னு எங்கம்மா தெரு பூரா பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இப்ப அவங்களையே அடுப்பங்கரைல விட மாட்டேங்குறா. மேல் டேங்க் ஒரு நாளைக்கு மூணு தடவ ரொப்ப வேண்டியிருக்கு. போன வாரம் கோவத்துல கேட் வால்வ மூடிட்டேன். ரெண்டு மணி நேரம் கைய நீட்டிக்கிட்டே அழுதா. நான் செஞ்சது தப்பா?
— பேர் வேண்டாம், பாபநாசம் பக்கம்

பதில்: தப்புதான், ஆனா நீங்க கைய வச்ச எடம் சரி, அதுதான் வேடிக்க. 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒருத்தர், அதுவரைக்கும் எந்த வைத்தியத்துக்கும் மசியாத ரெண்டு பேர ஆஸ்பத்திரில வச்சு பாத்தாரு, அதுல கழுவிக்கிட்டே இருந்த அம்மாவோட ரூம்ல தண்ணி வர்றதையே நிறுத்திட்டாங்க. பயப்படுற பொருள தொட வச்சு, கழுவ விடாம பக்கத்துலயே நர்ஸ் இருந்தாங்க. இன்னைக்கு ஈஆர்பின்னு, அதாவது பயத்துக்கு நேரா நின்னுக்கிட்டு, அத அடக்குற காரியத்த செய்யாம இருக்க, நாங்க செய்யுற பயிற்சிக்கு அதுதான் ஆரம்பம். அந்தம்மாவுக்கு துணைக்கு ஆள் இருந்துச்சு, எதுக்காக செய்யுறாங்கன்னு சொல்லி செஞ்சாங்க. உங்க வீட்டுல கோவம் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப நாங்க அப்படி குழாய மூடுறதெல்லாம் கெடையாது, அவங்களா சம்மதிச்சு, அவங்களா குழாய தொறக்காம இருக்கணும், அப்பதான் அது வைத்தியம்.

மடி வேற, இது வேற. என் பாட்டியும் மடிதான், ஈரத்துணி கட்டிக்கிட்டு சமைப்பாங்க, ஆனா சமையல் முடிஞ்சதும் ஊஞ்சல்ல ஒக்காந்து ஊர் வம்பு பேசுவாங்க. மடிக்கு ஒரு முடிவு இருக்கு, குளிச்சா முடிஞ்சுது. உங்க வீட்டம்மாவுக்கு கழுவி முடிச்ச அடுத்த நிமிஷம் "சரியா கழுவுனமா"ன்னு ஆரம்பிக்குது பாருங்க, அதுதான் வித்தியாசம். ஒரு நாள்ல ஒரு மணி நேரத்துக்கு மேல இதுல போகுதா, வேலை, தூக்கம், உறவு கெடுதான்னு பாப்போம். நானே கிளினிக் பூட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற ஆளு, அதெல்லாம் கணக்குல வராது.

பயிற்சி எப்படின்னு கேட்டா, முதல்ல ஒரு பட்டியல். எத தொட்டா எவ்ளோ பயம்னு 0லேந்து 100 வரைக்கும் மார்க் அவங்களே போடணும். பால் பாக்கெட்டுக்கு 30, சில்லறைக்கு 50, உங்க காக்கிச் சட்டைக்கு 70, எழவு வீட்டுலேந்து வந்த நீங்க அடுப்பங்கரைல ஒக்காந்தா 100ன்னு வச்சுக்குங்க. 30லேந்து ஆரம்பிக்கணும். போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, அழுக்கு பத்து ரூபா நோட்ட உள்ளங்கைல வச்சுக்கிட்டு என் எதிர்ல ஒக்காந்துருந்தாங்க, மருதாணி வச்ச கை மாதிரி வெரல விரிச்சு எங்கயும் படாம தூக்கியே வச்சுருந்தாங்க. முதல் பத்து நிமிஷம் வேர்த்து கொட்டுச்சு, மார்க் 60, அப்பறம் 75. நான் ஒண்ணும் ஆறுதல் சொல்லல, சொல்லவும் கூடாது. முக்கா மணி நேரத்துல 35க்கு எறங்கிடுச்சு, கழுவாமலே. அந்த கையாலயே முந்தானைய சரி பண்ணிக்கிட்டாங்க, பண்ணுனது அவங்களுக்கே தெரியல. எல்லா நாளும் இப்படி அழகா எறங்காது, சில நாள் பயம் எறங்காமலே வீட்டுக்கு போவாங்க, ஆனா பயத்தோடயே ஒக்காந்து இருக்க முடியும்னு கத்துக்கிட்டாங்கள்ல, அது வீண் போகாது. பல வாரம் பிடிக்கும், வீட்டுலயும் தெனம் செய்யணும்.

உங்களுக்கு ஒரு கசப்பான விஷயம். கொல்லப்பக்கமா வந்து குளிக்கிறீங்கள்ல, அது அவங்களுக்கு செய்யுற உதவின்னு நெனைக்கிறீங்க, உண்மைல அந்த நோய்க்கு நீங்க சோறு போடுறீங்க. அதுக்குன்னு நாளைக்கே வாசல் வழியா நுழைஞ்சுடாதீங்க. டாக்டர் முன்னாடி மூணு பேரும் ஒக்காந்து, இந்த வாரம் இத மட்டும் விடுவோம்னு பேசி, ஒண்ணொண்ணா விடணும். உங்கம்மாகிட்டயும் சொல்லுங்க, மடின்னு பெருமை பேசுனது போதும்.

கேள்வி: எங்கப்பா விவசாயி, வயசு 56. ராத்திரி போர்செட் மோட்டார நிறுத்திட்டு வந்துட்டு, நிறுத்துனேனா இல்லையான்னு திரும்ப டார்ச் எடுத்துக்கிட்டு வரப்புல நடந்து போறாரு, நாலு தடவ அஞ்சு தடவ. பாம்பு கெடக்குற வரப்பு. சரி, போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்கன்னு ஐடியா குடுத்தேன். இப்ப போன்ல ஸ்டார்ட்டர் பெட்டி போட்டோ மட்டும் 300க்கு மேல இருக்கு, அதையும் நம்பாம "இது நேத்து எடுத்ததா இன்னைக்கு எடுத்ததா"ன்னு என்னைய கேக்குறாரு.
— மகன், நீடாமங்கலம் வட்டாரம்

பதில்: தம்பி, ஐடியா நல்ல மனசோட குடுத்ததுதான், ஆனா ஓசிடிக்கு ஆதாரம் குடுத்து ஜெயிக்க முடியாது. எவ்ளோ தடவ பாக்குறாரோ அவ்ளோ தூரம் பாத்தது மேல நம்பிக்கை கொறையும். தெனம் பாக்குற அதே பெட்டி, அதே சிவப்பு பட்டன், எது எந்த ராத்திரின்னு ஞாபகமும் கலங்கிப் போயிடும்.

உங்க ஊருக்கு புரியுற மாதிரி சொல்றேன். மதகு ஷட்டர் பாதில சிக்கிக்கிட்டா என்ன ஆகும், வயல் ரொம்புன அப்பறமும் தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். "வேலை முடிஞ்சுது, போ"ன்னு மூளைக்குள்ள ஒரு ஷட்டர் எறங்கணும், நெத்திக்கு பின்னாடி இருக்க பகுதிக்கும் மூளையோட உள்பக்கத்துக்கும் ஓடுற சுத்துல அது சரியா எறங்க மாட்டேங்குது. 1992ல கலிஃபோர்னியால ஓசிடி இருக்கவங்கள ஸ்கேன் எடுத்து பாத்தாங்க, மாத்திரைல குணமானவங்களுக்கும் சரி, மாத்திரையே இல்லாம பயிற்சில குணமானவங்களுக்கும் சரி, மூளைல ஒரே எடத்துல மாத்தம் தெரிஞ்சுது. அதனால "மனச தெடமா வச்சுக்க"ன்னு அவர்கிட்ட சொல்லி பிரயோஜனம் இல்ல.

ஒண்ணு மட்டும் விசாரிங்க. இது பெரும்பாலும் சின்ன வயசுலயோ இருவதுகள்லயோ ஆரம்பிக்கிற வியாதி. அப்பாவுக்கு முன்னாடியே கதவு, காசு எண்றது, இப்படி ஏதாவது இருந்துச்சான்னு அம்மாகிட்ட கேளுங்க. 50க்கு மேல புதுசா வந்துருந்தா மூளை நரம்பு டாக்டரையும் ஒரு தடவ பாத்துடணும், மறதி, நடுக்கம் எதாவது சேந்து இருக்கான்னும் பாத்துக்குங்க.

இன்னைக்கு ராத்திரி கேட்டா என்ன சொல்றது? "நிறுத்திட்டீங்கப்பா"ன்னு சொல்லாதீங்க. "அப்பா, இது அந்த சந்தேகம் கேக்குற கேள்வி, நான் பதில் சொன்னா இன்னும் பெருசாகும்னு டாக்டர் சொன்னாரு, வாங்க சாப்புடலாம்". அவ்ளோதான், சத்தம் போடாம. மொதல்லயே, அவரு நிதானமா இருக்க பகல் நேரத்துல, இப்படித்தான் சொல்லப் போறேன்னு பேசி வச்சுக்கணும், இல்லாட்டி பையன் மதிக்க மாட்டேங்குறான்னுதான் எடுத்துப்பாரு.

கேள்வி: 3 வாரமா ஓசிடிக்கு மாத்திரை போடுறேன், ஒண்ணும் கேக்கல, வயித்த பெரட்டுது. தூக்க மாத்திரை, அடிமை ஆயிடுவன்னு பிரண்ட்ஸ் சொல்றாங்க. நிறுத்திடவா?
— வலங்கைமான்

பதில்: நிறுத்தாதீங்க. உங்க சீட்டுல இருக்க ஃப்ளூவாக்ஸிடின் தூக்க மாத்திரையும் இல்ல, அடிமையாக்குற மாத்திரையும் இல்ல. செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின், எஸ்சிட்டலோப்ராம் எல்லாம் இதே ஜாதி, மூளைல செரட்டோனின் மேல வேலை செய்யுறது. மனச்சோர்வுக்கு குடுக்குறத விட ஓசிடிக்கு பல பேருக்கு அதிக டோஸ் தேவைப்படும், முழு பலன் தெரிய 8லேந்து 12 வாரம் ஆகும். நாத்து விட்ட மூணாம் வாரமே கதிர் எங்கன்னு கேக்குற மாதிரி இருக்கு உங்க கேள்வி. வயித்துப் பெரட்டல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல கொறையும், சாப்புட்டுட்டு போட்டுப் பாருங்க, கொறையலன்னா குடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க. நல்லா ஆன அப்பறமும் ஒண்ணு ரெண்டு வருஷம் போடச் சொல்லுவோம், பொறவு மெதுவா கொறைப்போம், திடீர்னு விட்டா தலைசுத்தல், எரிச்சல் வரும், நோயும் திரும்பும். மாத்திரையோட பயிற்சியும் சேந்தா இன்னும் நல்லது. காசுதான் கவலன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு 2022ல ஆரம்பிச்ச இலவச நம்பர், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: திருவாரூர்ல காலேஜ் படிக்கிறேன். தியாகராஜர் சன்னதில நின்னாலே மனசுக்குள்ள சாமிய கெட்ட வார்த்தைல திட்டுற மாதிரி வருது. நான் திட்டல, தானா வருது. மன்னிப்பு கேட்டு 27 தடவ கன்னத்துல போட்டுக்குறேன், கணக்கு தப்புனா முதல்லேந்து. மனசு சரியில்லாதவங்கள தங்க வைக்கிற குணசீலம் கோயில்ல 48 நாள் தங்க வைக்கணும்னு ஆச்சி சொல்றாங்க. எனக்கு பைத்தியமா?
— மாணவர்

பதில்: பைத்தியமும் இல்ல, பாவமும் இல்ல. 2014ல 13 நாட்டுல காலேஜ் பசங்க 777 பேர கேட்டுப் பாத்துருக்காங்க, நூத்துக்கு 94 பேருக்கு கேக்காமலே வந்து விழுற வேண்டாத எண்ணம் சமீபத்துல வந்துருந்துச்சு. அவங்க "ச்சீ, என்ன இது"ன்னு விட்டுட்டு போயிடுவாங்க. நீங்க பக்தி உள்ள புள்ள, அதனால அது உங்களுக்கு எங்க வலிக்குமோ அங்க வந்து குத்துது. சாமிய பத்தி கவலையே படாதவனுக்கு இந்த எண்ணம் வந்தாலும் ஒட்டாது.

அந்த 27தான் சிக்கல். கண்ணுக்கு தெரியுற கழுவல் மாதிரியே இதுவும் ஒரு கழுவல். ஆச்சி சொல்றதுல அன்பு இருக்கு, குணசீலம் போயி சாமி கும்புடுறதுல தப்பே இல்ல, எங்க பக்கத்து சனங்க காலங்காலமா போற எடம். ஆனா வைத்தியத்துக்கு பதிலா போகாதீங்க, அப்பறம் பரிகாரமா போகாதீங்க, உங்க விஷயத்துல பரிகாரமே நோய். சன்னதில நின்னு எண்ணம் வந்தா வந்துட்டு போகட்டும்னு விட்டுட்டு, கன்னத்துல ஒரு தடவ கூட போடாம விபூதி வாங்கிக்கிட்டு வெளில வந்து பஜ்ஜி சாப்புடணும். இத பயிற்சி தெரிஞ்சவங்க தொணையோட செய்யுங்க, தனியா ஆரம்பிச்சா முதல் நாளே பயந்துடுவீங்க.

கேள்வி: டாக்டர், திரும்பவும் நான்தான். பாப்பாவுக்கு இப்ப அஞ்சு மாசம். அருவாமணைய பாத்தாலே பாப்பாவ ஏதாவது பண்ணிடுவேனோன்னு வருது. அருவாமணைய பரண்ல போட்டாச்சு, இப்ப தேங்கா துருவிய பாத்தாலும் வருது. நான் நிச்சயமா ஒண்ணும் பண்ண மாட்டேன்ல? நூத்துக்கு நூறு? ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க, இனிமே கேக்கவே மாட்டேன்.
— மயிலாடுதுறை

பதில்: மத்த வாசகருக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடுறேன். புள்ள பெத்த அம்மாக்களுக்கு இந்த மாதிரி எண்ணம் வர்றது நெறைய பேரு வெளில சொல்லாத விஷயம். எண்ணத்த பாத்து நடுங்கி கத்திய ஒளிச்சு வைக்கிறவங்க ஓசிடிக்காரங்க. ஆனா பிரசவத்துக்கு அப்பறம் தூக்கமே இல்லாம, காதுல கொரல் கேக்குது, இது என் புள்ளையே இல்லன்னு பேசுறாங்கன்னா அது வேற நோய், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், தாயையும் புள்ளையையும் தனியா விடக்கூடாது.

இப்ப உங்களுக்கு. உங்கள நேர்ல பாத்து, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் பேசி, இது ஓசிடின்னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் மூணு லெட்டர், மூணுக்கும் பதில் போட்டேன், போட்டது என் தப்பு. முதல் பதிலுக்கு ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தீங்க, ரெண்டாவதுக்கு நாலு நாளு, மூணாவது பதில் கைக்கு வந்த அன்னைக்கு சாயங்காலமே இந்த லெட்டர் எழுதியிருக்கீங்க, தேதி பாத்தேன். அதனால இந்த தடவ அந்த கேள்விக்கு பதில் எழுதல. அருவாமணைய பரண்லேந்து எறக்கி தொடைச்சு வைக்கச் சொல்லுங்க, எடுக்க வேண்டாம், சும்மா அடுப்பங்கரை மூலைல இருக்கட்டும். செவ்வாக்கிழமை வரும்போது ரெண்டு முருங்கக்காய் வாங்கிட்டு வாங்க. அருவாமணை என்கிட்ட இருக்கு. பாப்பாவையும் தூக்கிட்டு வாங்க.