தங்கை தொட்ட பென்சில் பெட்டி

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பத்து வயது. அவனுடைய பென்சில் பெட்டி, புத்தகப்பை, துண்டு எதையும் யாரும் தொடக் கூடாது. தங்கை தொட்டுவிட்டால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, பழைய வரிசையிலேயே அடுக்குவான். அதற்குள் பள்ளி வேன் போய்விடும். ஏற்காடு போனபோது பேருந்தில் யாரோ ஒருவர் கை பையில் பட்டதென்று வழியெல்லாம் அழுதான். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமனார், பொருளைப் பேணத் தெரிந்த பிள்ளை என்கிறார். கணவர் அடிக்கிறார். நான் மகளைத் தள்ளி இருக்கச் சொல்கிறேன். யார் செய்வது சரி?

ஒரு தாய், சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டறையில் கருவிகளை ஒழுங்காக வைப்பவர் வேலை முடிந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். உங்கள் மகனுக்கோ எவ்வளவு அடுக்கினாலும் அந்த நிம்மதி நிலைப்பதில்லை. நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே கழிகிறது, பள்ளியும் பயணமும் தடைபடுகின்றன என்றால், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயா என்று மனநல மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அடிப்பதால் அச்சம் கூடும். துடைப்பது ஒளிவுமறைவாக நடக்கும். அடிப்பதை இன்றே நிறுத்தும்படி கணவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் செய்வதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துடைத்ததும் அவனுக்குக் கிடைக்கும் சிறு ஆறுதலே, அடுத்த முறையும் துடைத்தே ஆகவேண்டும் என்று அவன் மனத்துக்குக் கற்பிக்கிறது; மகளை விலக்கி வைப்பதும், 'யாரும் தொடவில்லைதானே?' என்று அவன் கேட்கும்போதெல்லாம் இல்லை என்று உறுதி சொல்வதும் அந்த ஆறுதலை நீங்களே எடுத்துக் கொடுப்பதாகும். அன்பினால் செய்வதுதான், ஆனால் நோய்க்கு அது தீனி. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டியே அவனிடம் பேசி, அவன் சம்மதத்துடன், மிக எளியதிலிருந்து, உதாரணமாக ஓர் அழிரப்பரிலிருந்து, தொடங்கலாம்: தங்கை அதைத் தொடுவாள், அவன் துடைக்காமல் இருப்பான். பதற்றம் ஏறும், துடைக்காமலே நேரம் போகப்போகப் பெரும்பாலும் தணியவும் செய்யும். உடனே தணியாவிட்டாலும், அதைத் தாங்க முடிகிறது என்று அவன் அறிந்துகொள்வதே பெரிது. உறுதி கேட்டு வரும்போது, 'உனக்குக் கஷ்டமாக இருப்பது தெரிகிறது, உன்னால் தாங்க முடியும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் இந்த முறையைப் பற்றி எழுதினார். குழந்தைகளுக்கும் இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இந்த வழியிலானதுதான். பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையோடு செய்வது நல்லது. தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தரக்கூடும். சற்றுத் தேறியதும் நீங்களாக அதை நிறுத்தக் கூடாது.

மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். தன் கை பட்டாலே அண்ணன் அழுகிறான் என்று கண்டு வளரும் குழந்தை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும். அண்ணனுக்கு மனத்தில் ஒரு சிரமம் இருக்கிறது, அதற்கு அவள் காரணமல்ல என்பதை அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். என்னைக் கேட்டால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது.

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது, சிறிது சிறிதாக வந்ததா, ஓரிரு நாளில் திடீரென வந்ததா, அவன் எவற்றைத் துடைக்கிறான், எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கணவரையும், முடிந்தால் மாமனாரையும் உடன் அழைத்துப் போங்கள்.