அணுகுண்டுக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

1950களில் அமெரிக்கா தன் சொந்தச் சிப்பாய்களை அணுகுண்டு வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பயிற்சி கொடுத்ததாம். அவர்கள் பயந்து ஓடவில்லையா? பயிற்சி இருந்தால் மனம் இதற்கும் பழகிவிடுமா?

ஒரு வாசகர், கொடிகாமம்

அன்புள்ள தம்பி,

ஓடவில்லை. பெரும்பாலானவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். 1951 நவம்பர் 1ஆம் திகதி நெவாடாப் பாலைவனத்தில் 21 கிலோதொன், அதாவது 21,000 தொன் TNT வெடிமருந்துக்குச் சமமான வலுவுள்ள குண்டொன்றை விமானத்திலிருந்து போட்டபோது, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தள்ளி நிலத்தில் இருந்து பார்த்த சிப்பாய்களிடம் உளவியலாளர்கள் கேள்வித்தாள் கொடுத்தார்கள். அணுகுண்டு பற்றி அவர்களுக்கு நடத்திய விரிவுரைக்கு முன், விரிவுரை முடிய, பிறகு குண்டு வெடித்த பின்னும். அவர்களுக்கு நம்பிக்கை வந்தது பெரும்பாலும் விரிவுரையால்தான், குண்டை நேரில் பார்த்தது அதில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. 1957இல் இன்னும் ஒரு படி மேலே போய், வெடித்த கையோடு துவக்கைக் கழற்றிப் பூட்டவும் தவழவும் கைக்குண்டு எறியவும் வைத்துப் பார்த்தார்கள்.

சரி, இதை வைத்து மனம் பழகிவிட்டது என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். உளவியலாளர்கள் அளந்தது அந்த நேரத்துப் பயத்தை மட்டும். பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இருந்த எங்களுக்கு அந்தப் பயம் தெரியும்: தூரத்தில் ஷெல் குத்தும், அதாவது ஏவும், சத்தம் கேட்டதுமே எந்தப் பக்கம் விழும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும், விழுந்து வெடித்தால் இந்தமுறை தப்பிவிட்டோம் என்று மூச்சு விடுவோம். கதிர்வீச்சில் அப்படி மூச்சு விட ஒரு நேரமே இல்லை. கண்ணை மூடிக் கையால் பொத்தியிருந்தும் கை எலும்புகள் தெரிந்தன என்று பின்னாளில் பலர் சொன்னார்கள், ஆனால் உடம்புக்குள் என்ன போனது என்பது அப்போது அவர்களுக்கு விளங்கவில்லை. கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்தும் சின்ன பிலிம் அட்டை கூடப் பலருக்குக் கொடுக்கப்படவில்லை.

1957 ஓகஸ்ட் 31இல் வெடித்த 'ஸ்மோக்கி' குண்டுச் சோதனையில் பங்கெடுத்த 3,224 பேரைப் பிறகு தேடி ஆராய்ந்தபோது, மூன்று நான்கு பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்திருக்கலாம் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒன்பது பேருக்கு வந்திருந்தது. சோவியத் ஒன்றியமும் சளைக்கவில்லை, 1954 செப்டெம்பரில் ரஷ்யாவின் தொட்ஸ்கோயே என்ற இடத்தில் ஏறத்தாழ 45,000 படையினரை இறக்கி இதையே செய்தது.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். எப்படி இருந்தது என்று தாள் கொடுத்துக் கேட்ட அதே அரசு, அதைப் பற்றி மனைவியிடமோ வைத்தியரிடமோ கூடக் கதைக்க விடாமல் அவர்களை இரகசியக் காப்பில் கட்டிவைத்தது. 1996இல்தான் அந்தத் தடை நீங்கியது; அதற்குள் பலர் செத்துப்போயிருந்தார்கள்.