அன்று ஒன்றும் செய்யாத கஞ்சா இன்று ஏன் நெஞ்சைப் பதற வைக்கிறது?

கேள்வி: எனக்கு 32 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். காலேஜில் தொடங்கி ஆறு வருடம் கிட்டத்தட்ட தினமும் கஞ்சா அடித்தேன். ஒரு நாளும் பயம் வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டேன், ஐந்து வருடமாகிறது. போன மே மாதம் பழைய நண்பர்களோடு பைக்கில் ஏலகிரி போனபோது ஒரு பீர் குடித்துவிட்டு நாலு இழுப்பு இழுத்தேன். பத்து நிமிடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, கை கால் சில்லிட்டது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இசிஜி நார்மல் என்றார்கள். ஆனால் அதன் பிறகு கஞ்சாவைத் தொடாமலே வாரத்தில் இரண்டு முறை அதே படபடப்பு வருகிறது. வீட்டில் சொல்லவில்லை. மூளை கெட்டுவிட்டதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூளை கெட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. காலேஜ் நாட்களில் கஞ்சாவைத் தாங்கிய உடம்பு இப்போது உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். மூளையில் சிபி1 என்ற ஏற்பிகள் (பொருள் வந்து ஒட்டும் கதவு போன்ற இடங்கள்) உண்டு. டிஎச்சி அவற்றில்தான் போய் ஒட்டுகிறது. தினமும் வந்து மோதினால், மூளை தன்னைக் காத்துக்கொள்ள அந்த ஏற்பிகளைக் குறைத்துவிடும். ஆறு வருடம் உங்களுக்குப் பயம் வராததற்கு மன தைரியம் காரணமல்ல, மூளை சில கதவுகளைச் சாத்தி வைத்திருந்ததுதான் காரணம். விட்ட இரண்டாம் நாளிலிருந்தே ஏற்பிகள் மீளத் தொடங்குகின்றன. நான்கு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும் என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு ஐந்து வருடமாகிவிட்டது. முதல் முறை இழுப்பவனுடைய மூளைக்கு, பழகியவனுடைய கை அளந்து கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஏலகிரியில் ஆனது.

அளவு இங்கே மிக முக்கியம். டிஎச்சி குறைந்த அளவில் பதற்றத்தைத் தணிக்கும், கொஞ்சம் கூடினால் அதே பதற்றத்தைக் கிளப்பும். சிகாகோவில் நடந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாத்திரையாகக் கொடுத்த 7.5 மில்லிகிராம் டிஎச்சி மன அழுத்தத்தைக் குறைத்தது, 12.5 மில்லிகிராம் கூட்டிவிட்டது. இடைவெளி வெறும் 5 மில்லிகிராம். உள்ளங்கையில் விதையைப் பொறுக்கிக் கசக்கிச் சிகரெட்டில் அடைக்கிறவர் இதைக் கண்ணால் அளக்கவே முடியாது. 300 மில்லிகிராம் தூளில் டிஎச்சி 4 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம், 12 சதவீதம் என்றால் 36. புகையில் பெரும்பகுதி வீணாகும் என்றாலும், மூன்று மடங்கு வித்தியாசம் அப்படியே நிற்கும். அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவில் சராசரி டிஎச்சி 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்து 2014இல் சுமார் 12 ஆனது. பதற்றத்தை ஓரளவு அடக்கக்கூடிய சிபிடி என்ற இன்னொரு பொருளோ குறைந்துகொண்டே போனது. இங்கே கைமாறும் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. செயற்கைக் கலவை தூவியிருந்தால் அபாயம் இன்னும் பெரிது.

அன்று இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. பீர், டிஎச்சியை ரத்தத்தில் இன்னும் மேலே ஏற்றும். அடுத்தது வெயில். வேலூர்ப் பக்கத்து மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது. அதில் பைக் ஓட்டி, 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். கஞ்சா தானாகவே நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தையும் இறக்கும். 80இல் இருந்த துடிப்பு 125ஐத் தொட்டு, எழுந்ததும் கண் இருட்டினால் யாருக்குமே 'ஹார்ட் அட்டாக்' என்றுதான் தோன்றும். அந்த நினைப்பு அட்ரினலினைச் சுரக்க வைக்கும். அட்ரினலின் துடிப்பை இன்னும் ஏற்றும். இருபது வயதில் அதே துடிப்பை 'ஏறிடுச்சு' என்று சிரித்திருப்பீர்கள். இன்று வேலை, குடும்பம், மறைக்க வேண்டிய விஷயம் எல்லாம் தலையில் இருக்கின்றன.

இனி, தொடாமலே வரும் படபடப்பு. மூளைக்குள் பாதாம் பருப்பு போல அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை நினைவில் வைப்பது அதன் வேலை. ஏலகிரியில் அது குறித்துக்கொண்டது கஞ்சாவை மட்டுமல்ல, 'வேகமான நெஞ்சுத்துடிப்பு என்றால் சாவு' என்பதையும்தான். இப்போது மாடிப்படி ஏறினாலும், வெறும் வயிற்றில் இரண்டு டீ குடித்தாலும், கம்பெனியில் பசை வாடையோடு புழுக்கம் சேர்ந்தாலும் துடிப்பு கொஞ்சம் ஏறும்; உடனே அமிக்டலா மணி அடித்துவிடும். இதற்குப் பெயர் பேனிக் அட்டாக். இதனால் உயிர் போகாது. ஆனால் 'வந்துவிடுமோ' என்று பயந்து படிக்கட்டையும் கூட்டத்தையும் தவிர்க்கத் தொடங்கினால் அது வேர் விடும்.

வரும்போது செய்ய வேண்டியது: உட்காருங்கள், தலை சுற்றினால் படுத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்துங்கள். மூக்கால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். நீளமாக வெளியே விடுவதுதான் நாடியை இறக்கும். பலர் பயத்தில் ஆழமாக இழுத்துக்கொண்டே இருப்பதால் விரல் மரத்து, உதடு குறுகுறுத்து, பயம் கூடுகிறது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரே ஒரு முறை. மணிக்கு இருபது தடவை நாடி பார்ப்பதே நோயை வளர்க்கும். பேனிக் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு அரை மணிக்குள் இறங்கும். கஞ்சா உள்ளே இருக்கும்போது வந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கஞ்சா சாக்லேட்டாகவோ பாங்காகவோ (கஞ்சா இலை அரைத்தது) உள்ளே போயிருந்தால் ஏறவே இரண்டு மணி வரை ஆகலாம், இறங்க அரை நாள் பிடிக்கலாம். எலுமிச்சையும் மோரும் போதையை இறக்காது, ஆனால் தண்ணீர்ச்சத்துக்கு மோர் நல்லது. தெரிந்த மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அல்பிரசோலம் அரை மணியில் அமைதி தரும், சில வாரங்களில் அது இல்லாமல் முடியாது என்று ஆக்கிவிடும்.

நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மயங்கி விழுவது, ஒரு பக்கம் செயலிழப்பது, விடாத வாந்தி, யாரோ பேசுவது போல் காதில் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுவது: இவை பேனிக் அல்ல. 108ஐ அழையுங்கள். புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடும் என்பதும் உண்மை, அதனால் வலியை 'வெறும் பயம்' என்று தள்ளிவிட வேண்டாம்.

சமீபத்தில்தான் விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. விட்ட ஒன்றிலிருந்து மூன்று நாளில் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, வியர்வை, பயங்கரக் கனவு வரும். முதல் வாரத்தில் உச்சம் தொட்டு இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும், தூக்கம் மட்டும் ஒரு மாதம் வரை தொந்தரவு தரலாம். 'கஞ்சாதான் எனக்கு மருந்து' என்று அப்போது தோன்றுவது இந்த விடுபடல் பதற்றத்தால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். 'கொஞ்சமாக இழுத்துப் பார்ப்போம், பயம் போய்விட்டதா' என்று சோதிக்காதீர்கள். பலர் விழுவது அங்கேதான். ஒவ்வொரு சோதனையும் அமிக்டலாவுக்கு இன்னொரு பாடம். டீ, காபி நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம், மாலை நான்குக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். தினமும் 30 நிமிடம் வேகமாக நடங்கள், வேண்டுமென்றே படியேறுங்கள். நெஞ்சு வேகமாக அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை பார்த்தால்தான் நம்பும். சிபிடி என்ற பேச்சு சிகிச்சையிலும் (மேலே சொன்ன கஞ்சாப் பொருள் CBD, இது CBT; தமிழில் எழுத்து மட்டும்தான் ஒன்று) இதைத்தான் படிப்படியாகச் செய்ய வைப்பார்கள்.

தொடர்ந்து வருவதால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்புதான் வரும்.

கஞ்சாவை மறைக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் தகவலை ரகசியமாக வைக்கும் கடமையை மருத்துவர் மேல் வைத்திருக்கிறது. பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கினாலும், கஞ்சாவுக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை வருடம், எப்போது விட்டது, கடைசியாக எப்போது, அன்று கூட என்ன குடித்தது, படபடப்பு வந்த தேதி, நேரம், எவ்வளவு நிமிடம், வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா. பேனிக்குக்கு மருத்துவர் தினசரி மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். பயந்து நிறுத்திவிடாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அளவைப் பாதியாக்கி மெதுவாக ஏற்றுவார். அடுத்த முறை போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு அது வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து 'ஆறு வரை எண்ணி விடுங்க' என்று சொல்ல ஓர் ஆள் தேவை.