மகள் மனநல நர்சிங் எடுக்கிறேன் என்கிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் கேள்வி ஒன்றுதான் இருக்கிறது, பயம் மூன்று இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கும் மகள், சைக்யாட்ரி போஸ்டிங் (மனநல வார்டுப் பயிற்சி) போய் வந்ததிலிருந்து "எம்.எஸ்சி. படித்தால் மனநல நர்சிங்தான்" என்று பிடிவாதமாக இருக்கிறாள். விடலாமா என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர்கள் "கீழ்ப்பாக்கத்திலா வேலை?" என்று கேட்பார்களே என்பது முதல் பயம். நோயாளி யாராவது அடித்துவிட்டால் என்பது இரண்டாவது. அவளே பிளஸ் டூ படிக்கும்போது பதற்ற நோய்க்கு மாத்திரை சாப்பிட்டவள் என்பது மூன்றாவது. கடைசியாகத் தயங்கித் தயங்கி எழுதியிருந்தாலும், யோசிக்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பாதி பாரம் இறங்கும். எம்.எஸ்சி. நர்சிங் சேர பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணோடு ஒரு வருட வேலை அனுபவமும் வேண்டும். படிப்பு முடித்த கையோடு அவள் போய்ச் சேர்ந்துவிட முடியாது. ஆகவே எம்.எஸ்சி.யைப் பற்றி நீங்கள் இருவரும் இப்போது சண்டை போடத் தேவையில்லை. அந்த ஒரு வருடம் எந்த வார்டில் வேலை பார்ப்பது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும்.

மனநல வார்டில் நர்சுக்கு என்ன வேலை, மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிக்க வரும் பிள்ளைகளில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பிடித்துப்போனதாக எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களையே எடுத்துக்கொள்கிறேன்: பதற்றக் கோளாறு, உணவுக் கோளாறு (சாப்பிடாமலே கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற மனநோய்).

நள்ளிரவில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நெஞ்சு அடைக்கிறது, விரல் மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் என்று கத்துகிறாள். இ.சி.ஜி. எடுத்து இதயக் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நர்ஸ்தான் பார்த்தாக வேண்டும். சுற்றி நிற்கும் சொந்தங்களை வெளியே அனுப்ப வேண்டும், ஆனால் நோயாளியைத் தனியே விடக்கூடாது. "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அதைச் சொல்லக்கூடாது. அவளுக்கு நடப்பது அவளுக்கு நிஜம். "நான் பக்கத்திலேயே இருக்கேன். என்னோட சேர்ந்து மூச்சை மெதுவா விடுங்க" என்று இரண்டே வரியில் பேச வேண்டும். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ், பதற்றத்தை லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என்று நான்கு நிலைகளாகப் பிரித்தார். இன்றும் அப்படித்தான் கற்பிக்கிறார்கள். பீதி நிலையில் எந்த அறிவுரையும் காதில் ஏறாது. எதனால் வந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்பதெல்லாம் அவள் தணிந்த பிறகு பேச வேண்டியவை. எப்போது பேசாமல் இருப்பது என்று தெரிந்துகொள்ளவே சில வருடங்கள் ஆகும்.

உணவுக் கோளாறு இன்னும் கடினம். இதெல்லாம் வெளிநாட்டு வியாதி என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் இந்தப் பிள்ளைகள் நேராக மனநல மருத்துவரிடம் வருவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை, வயிறு உப்புகிறது, மாதவிலக்கு நின்றுவிட்டது என்று பொது மருத்துவர், எண்டோஸ்கோபி, மகப்பேறு மருத்துவர் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வருவார்கள். வரும்போது நாடித்துடிப்பு குறைந்து, உடம்பு ஜில்லிட்டு இருக்கும். மனநோய்களிலேயே உயிரிழப்பு அதிகம் உள்ளவற்றில் சாப்பிடாமலே மெலிந்துபோகும் அனோரெக்ஸியாவும் ஒன்று.

அந்த வார்டின் ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். எடை பார்க்கும் நேரம். தினம் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி லேசான உடையில், சிறுநீர் கழித்த பிறகு பார்க்க வேண்டும். எடை கூடியதாகக் காட்ட அதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு வரும் பிள்ளை உண்டு, பையில் கனமான எதையாவது ஒளித்து வைக்கும் பிள்ளையும் உண்டு. எண்ணைப் பார்த்தால் கலங்கிவிடுவாள் என்று தோன்றினால், சிகிச்சைக் குழு முடிவு செய்தபடி மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வதும் உண்டு. அப்புறம் சாப்பாடு. கூடவே உட்கார வேண்டும். கெஞ்சுவதோ மிரட்டுவதோ கலோரிக் கணக்கை வைத்து வாதாடுவதோ கூடாது. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் போல கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும், பாத்ரூமுக்குத் தனியாக விட்டால் வாந்தி எடுத்துவிடலாம். அப்படி வாந்தி எடுப்பதற்கு அடையாளமாக விரல் முட்டியில் தழும்பு இருக்கிறதா, பல் எனாமல் தேய்ந்திருக்கிறதா என்பதும் கண்ணில் பட வேண்டும்.

"பட்டினி கிடந்த பிள்ளை, நல்லா சாப்பிடட்டுமே" என்று வீட்டார் ஆசையாகக் கொண்டுவரும் பிரியாணிப் பொட்டலத்தில் ஆபத்து இருக்கிறது. பல வாரம் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அதனால் அளவை மெதுவாக ஏற்றி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மனநல நர்சுக்கு உடம்பைப் பற்றி அதிகம் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். முதல் வருடத்தை அவள் மெடிக்கல் வார்டிலோ ஐ.சி.யு.விலோ தொடங்கினாலும் அது வீண் இல்லை.

அடிபடும் பயத்துக்கு வருகிறேன். ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் குடித்துவிட்டு வருபவர்கள் நிறைந்த சனிக்கிழமை இரவு கேஷுவல்டியிலும் அது உண்டு. கதவுப் பக்கம் நிற்பது, கழுத்தில் செயின், ஐ.டி. கார்டு கயிறு தொங்கவிடாமல் இருப்பது, தனியாகப் போகாமல் இருப்பது எல்லாம் பயிற்சியிலேயே வரும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. வேறு வழியே இல்லாதபோது கட்டுப்படுத்துவதற்கும் மனநல மருத்துவரின் அனுமதியும் பதிவும் வேண்டும். பதற்றமும் உணவுக் கோளாறும் உள்ளவர்கள் பெரும்பாலும் பிறரை அடிப்பதில்லை, தங்களைத்தான் காயப்படுத்திக்கொள்கிறார்கள். உங்கள் மகள் அஞ்ச வேண்டியது அதை.

இப்போது மூன்றாவது பயம். பதற்ற நோய்க்கு மாத்திரை சாப்பிட்டவள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதே நேரம், "நான் பட்டவள், எனக்குத்தான் புரியும்" என்பதை மட்டும் நம்பி வந்தால் சீக்கிரம் களைத்துப்போவாள். அவளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரிடம் ஒருமுறை போய், நைட் ஷிஃப்ட் வந்தால் தூக்கம் என்ன ஆகும், பழைய அறிகுறி திரும்பினால் முதலில் எது தெரியும் என்று கேட்டு வரட்டும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் பாதி நேரம் அவளைத் தனியாகப் பேச விடுங்கள். அவளுக்கே எப்போதாவது சாப்பாட்டோடு சண்டை இருந்திருந்தால், உணவுக் கோளாறு வார்டு முதல் வேலையாக வேண்டாம். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

அவளுக்கு இந்த வேலை பொருந்துமா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. போஸ்டிங்கில் ப்ராசஸ் ரெக்கார்டிங் எழுதியிருப்பாள்: நோயாளி சொன்னது, தான் சொன்னது, அதிலிருந்து தான் புரிந்துகொண்டது என்று பத்தி பத்தியாக. வகுப்பில் பலர் மார்க்குக்காகக் கற்பனையில் எழுதுவார்கள். "இந்த இடத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்ற மாதிரி அவள் நோட்டில் நிஜமான வரிகள் இருந்தால், அதை நான் எந்த மதிப்பெண்ணையும்விட நம்புவேன்.

படிப்பு, சம்பளம் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எம்.எஸ்சி. இரண்டு வருடம். முடித்தவர்களில் பலர் நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகிவிடுகிறார்கள். வார்டிலேயே இருக்க ஆசை என்றால் மனநல நர்சிங்கில் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ (நர்சிங் முடித்தவர்களுக்கான சிறப்புப் படிப்பு) போதும். பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இரண்டையும் நடத்துகிறது. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு. தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், எந்த வார்டானாலும். பிரிட்டனில் மனநல நர்சிங் தனிப் பதிவு. இங்கே பொது நர்சிங் படித்தவர்கள் பெரும்பாலும் 'அடல்ட்' (பெரியவர்களுக்கான நர்சிங்) பிரிவில்தான் பதிகிறார்கள். 'சைக்யாட்ரி படித்தால் லண்டன் சுலபம்' என்று ஏஜென்ட் சொன்னால் காசு கட்டாதீர்கள்.

உறவினர்கள் பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது, கேலியும் அதே அளவு பழசு. கேட்பவர்களிடம் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

ரிசல்ட் வந்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் முதலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவுக்குப் பிறகு பார்த்த வேலையை அனுபவமாகக் காட்டுவதுதான் பாதுகாப்பு. வேலைக்குப் போகும் ஆஸ்பத்திரியில் மூன்று கேள்வி கேட்கட்டும்: உள்நோயாளி மனநல வார்டு தனியாக இருக்கிறதா, நைட்டில் எத்தனை நர்ஸ், அனுபவச் சான்றிதழில் வார்டின் பெயரைப் போட்டுத் தருவார்களா. ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால், அங்கே சேர வேண்டாம்.