ஏஐ சுருக்கிய ரெஸ்யூமேயில் நான் இல்லையே!

கேள்வி: எனக்கு வயது 46. 2008 முதல் ஒரே இறக்குமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அசிஸ்டெண்டாகச் சேர்ந்து 2015-இல் எக்ஸிகியூட்டிவ் ஆனேன். மாதம் 220 இன்வாய்ஸ், 38 பேருக்குச் சம்பளம், காலாண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டி கணக்கு என்று வேலை ஓடுகிறது. இப்போது நிறுவனத்தை மூடுகிறார்கள். என் ரெஸ்யூமே நான்கு பக்கம். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் அதை சாட்ஜிபிடியில் போட்டு ஒரே பக்கமாக்கிக் கொடுத்தாள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘செலவை 30 விழுக்காடு குறைத்தேன்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. நான் அப்படி எதுவும் செய்யவில்லை. நேர்முகத்தில் கேட்டால் என்ன சொல்வேன்? ஏஐயை விட்டுவிடுவதா, பயன்படுத்துவதா?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: பயன்படுத்துங்கள். ஆனால் அந்த ஒரு பக்கத்தை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்கு உறுத்தியது சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது.

அந்த 30 விழுக்காடு எங்கிருந்து வந்தது? இந்தக் கருவி உண்மையைத் தேடி எழுதுவதில்லை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. அது படித்துப் பழகிய ரெஸ்யூமேகளில் கணக்கு வேலை என்றால் பக்கத்திலேயே ஒரு விழுக்காடு நிற்கும். உங்கள் தாளில் எண் இல்லாத இடத்தை அந்தப் பழக்கத்தில் நிரப்பிவிட்டது. எண்ணாவது கண்ணில் பட்டுவிட்டது, வினைச்சொல் அப்படிப் படாது. ‘ஆடிட்டருக்கு உதவினேன்’ என்பது ‘ஆடிட்டை வழிநடத்தினேன்’ என்று மாறியிருக்கிறதா பாருங்கள். இன்னொன்றையும் பாருங்கள். ‘ஒரே பக்கம்’ என்று கட்டளை போட்டால், ஒரே நிறுவனத்தில் வகித்த இரண்டு பதவிகளை அது ஒன்றாக்கிவிடக்கூடும். அப்படியானால் 2015-இல் கிடைத்த பதவி உயர்வே காணாமல் போயிருக்கும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் அனுபவத்துக்கு இரண்டு பக்கம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்குள் நெருக்கியதால்தான் இத்தனை கோளாறு.

முதல் வெட்டை நீங்களே வெட்டுங்கள், அதற்கு ஏஐ வேண்டாம். பிறந்த தேதி, இனம், சமயம், திருமண நிலை, புகைப்படம், பொழுதுபோக்கு, தொடக்கப்பள்ளி விவரம், ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி, பரிந்துரைப்பவர்களின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் போகட்டும். அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்காத இடங்களில் நிறுவனங்கள் அதை வாங்கக்கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி. வேலைக்கு எடுத்த பிறகு கொடுத்தால் போதும். குடியுரிமை பெற்றவரா, நிரந்தரவாசியா என்பதை மட்டும் ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள். 2008-க்கு முந்திய வேலைகளுக்குப் பதவி, நிறுவனம், ஆண்டு என்று தலா ஒரு வரி போதும். இதிலேயே கிட்டத்தட்ட ஒரு பக்கம் குறைந்துவிடும்.

ஏஐயில் ஒட்டுவதற்கு முன் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், சப்ளையர் பெயர்கள், நிறுவனத்தின் வரவுசெலவுத் தொகைகள் எதுவும் அதில் இருக்கக்கூடாது. ‘நிறுவனம் அ’ என்று போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில் டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதியில், உங்கள் உரையாடலை மாடலுக்குப் பயிற்சி தரப் பயன்படுத்தும் அனுமதியை அணைத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. ஒரு மாலை நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். எக்ஸிகியூட்டிவ் பதவியில் என்ன செய்தீர்கள், எத்தனை, எந்த மென்பொருளில், எந்தக் கெடுவுக்குள், யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் சரியாக இருக்க வேண்டுமே என்ற கவலை இல்லாதபோது நினைவு நன்றாக வரும். தமிழில் கொடுத்தாலும் அது ஆங்கிலத்தில் எழுதித் தரும்.

எழுதும்போது இவற்றை யோசித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி 2023 ஜனவரியில் 7-லிருந்து 8 விழுக்காடானது, 2024 ஜனவரியில் 9 ஆனது. மென்பொருளில் வரிக் குறியீடுகளை மாற்றியது யார்? டிசம்பரில் இன்வாய்ஸ் போட்டு ஜனவரியில் சரக்கு போனவற்றை எந்த விகிதத்தில் பதிவது என்று பிரித்தது யார்? மத்திய சேமநிதியின் (சிபிஎஃப்) சாதாரணச் சம்பள உச்சவரம்பு, அதாவது சந்தா கணக்கிடப்படும் மாதச் சம்பளத்தின் உச்ச அளவு, 2023 செப்டம்பரில் 6,000 வெள்ளியிலிருந்து 6,300 ஆனது, 2024 ஜனவரியில் 6,800, 2025 ஜனவரியில் 7,400, 2026 ஜனவரியில் 8,000. ஒவ்வொரு முறையும் அந்த 38 பேரின் கணக்கைத் திருத்தி, மறுமாதம் 14-ஆம் தேதிக்குள் சந்தாவைச் செலுத்தியது நீங்கள் என்றால், அது செய்து காட்டிய வேலை. அதற்கு விழுக்காடு தேவையே இல்லை. கணக்கு வேலை தெரிந்த மேலாளர் அந்த வரியில் கட்டாயம் நிற்பார். இதை ஏஐ தானாக ஊகிக்க முடியாது, உங்கள் பழைய நான்கு பக்கத்திலும் அநேகமாக இருக்காது.

பிறகு ஒரு நேரத்தில் ஒரு பதவியை மட்டும் கொடுங்கள். கட்டளை இப்படி இருக்கலாம்:

“கீழே உள்ளது நான் பார்த்த ஒரு வேலையின் விவரம். ரெஸ்யூமேக்காக ஆங்கிலத்தில் 5 வரிகளில் எழுது. ஒவ்வொரு வரியும் 20 சொல்லுக்குள் இருக்கட்டும். நான் தராத எண், மென்பொருள், பொறுப்பு எதையும் சேர்க்காதே. ‘உதவினேன்’ என்பதை ‘வழிநடத்தினேன்’ என்று மாற்றாதே. விவரம் போதாவிட்டால் முதலில் என்னிடம் கேள். முடிவில், எந்தெந்த விவரங்களை விட்டுவிட்டாய் என்று பட்டியலிடு.”

கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். சுருக்கும்போது எது விழுந்தது என்பது அந்தப் பட்டியலில்தான் தெரியும். ஜிஎஸ்டி எஃப்5 (ஜிஎஸ்டி கணக்குப் படிவம்), ஐஆர்8ஏ (ஊழியர்களின் ஆண்டு வருமானப் படிவம்) போன்றவை அதில் இருந்தால் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘வரி ஆவணங்கள்’ என்று பொதுவாக இருப்பதைவிட இந்தப் பெயர்களைத்தான் ஆள் எடுப்பவர்கள் தேடுவார்கள். சொற்களை எண்ணுவதில் இந்தக் கருவிகள் அடிக்கடி தவறும், வேர்டில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வித்தியாசம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘நிறுவனத்தின் அன்றாடக் கணக்கு வேலைகளையும் சப்ளையர் தொடர்பான பணிகளையும் பொறுப்புடன் கவனித்தேன்’ என்ற வரியில் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘மாதம் 220 சப்ளையர் இன்வாய்ஸ்களை ஆர்டருடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, தவணைக்குள் பணம் செலுத்தினேன்’ என்றால் வேலையின் அளவும் முறையும் கண்முன் வந்துவிடுகின்றன. ஒப்பிட்டுச் சரிபார்ப்பது உங்கள் வேலையில் இல்லை என்றால் அந்தச் சொற்களை எடுத்துவிடுங்கள்.

வந்த வரிகளைத் திரையில் படித்தால் கண் தாண்டிப் போகும். அச்செடுத்து, எண், ஆண்டு, வினைச்சொல், மென்பொருள் பெயர் ஒவ்வொன்றையும் உங்கள் தமிழ்க் குறிப்புடன் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போங்கள். இன்வாய்ஸ் சரிபார்த்த கை, இது உங்களுக்குச் சுலபம். டிக் விழாதது எதுவும் தாளில் இருக்கக்கூடாது. ஆங்கிலத்தில் ‘டைனமிக்’, ‘ரிசல்ட்ஸ் டிரிவன்’ போன்ற சொற்கள் வந்திருந்தால் அடித்துவிடுங்கள், பொருள் எதுவும் குறையாது.

மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும் முன், அந்த விளம்பரத்தையும் உங்கள் இரண்டு பக்கத்தையும் ஏஐயிடம் கொடுத்து, ‘இதில் கேட்டிருப்பதில் என் தாளில் தெரியாதது எது?’ என்று மட்டும் கேளுங்கள். மாற்றி எழுதச் சொன்னால் மறுபடியும் கற்பனை புகுந்துவிடும்.

வடிவத்தைப் பொறுத்தவரை பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரிக்கும் அமைப்பு, கட்டம், பெட்டி எதுவும் வேண்டாம். விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருள் அவற்றில் வரிசை தவறிவிடக்கூடும். பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்திருந்தால் வடிவத்தை எளிமையாக்குங்கள். ஏஐயிலிருந்து ஒட்டும்போது வரும் நட்சத்திரக் குறிகளையும் நீக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் மகளை எதிரே உட்காரவையுங்கள். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து ‘இதை எப்படிச் செய்தீர்கள், அம்மா?’ என்று கேட்கட்டும். நீங்கள் இரண்டு நிமிடம் தடையில்லாமல் பேச முடியாத வரி எதுவோ, அதை எடுத்துவிட்டு நான்கு பக்கத்திலிருந்து வேறொன்றைப் போடுங்கள். அதற்காகவாவது அந்தப் பழைய கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.