சிங்கோபின்னா மயக்கமா, எழுத்து விடுபடுறதா?

டாக்டர் சீட்டுல சிங்கோபின்னு எழுதியிருந்தாரு, தேடிப்பார்த்தா மொழியியல்லயும் அதே சொல் வருதே, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருக்கீங்க. சம்பந்தம் இருக்குங்க, நல்லாவே இருக்கு.

மூலம் கிரேக்கம். கோப்டெயின்னா வெட்டுறது. நாம வாக்கியத்துல போடுற கமா கூட இந்த வேர்ல இருந்து வந்ததுதான், வெட்டின துண்டுன்னு அர்த்தம். சிங்கோபின்னா வெட்டிக் குறைக்கிறது. மருத்துவத்துல அது கொஞ்ச நேரம் நினைவு தப்பி மயங்கி விழுறது, மொழியியல்ல ஒரு சொல்லோட நடுவுல எழுத்து விடுபடுறது.

எனக்கு இது புரிஞ்சது காலேஜ் படிக்கும்போது ஒரு லேப்ல ரத்தம் குடுத்த அன்னைக்கு. ஊசி எடுத்ததும் கையில பஞ்சை அமுக்கிக்கிட்டு எழுந்தேன், காது அடைச்சுது, நெத்தியெல்லாம் சில்லுன்னு வேர்த்துது, பஞ்சுல பொட்டு மாதிரி சிவப்பு தெரிஞ்சது ஞாபகம் இருக்கு, அதுக்கு அடுத்து ஞாபகம் இருக்குறது மேல சுத்துற ஃபேன். பஞ்சு, ஃபேன். நடுவுல நான் விழுந்தது, அம்மா கத்தினது எதுவுமே எங்கிட்ட இல்ல.

வார்த்தையிலயும் இதேதான் நடக்குது. முதலும் முடிவும் நிக்கும், நடு காணாம போயிடும். "விழுந்துவிட்டேன்"னு யாரு பேசுறா, விழுந்துட்டேன்தான், 'வி' போயிடுச்சு. பண்ணுகிறான் பண்றான் ஆயிடுச்சு. இங்கிலாந்துல ஒரு ஊர் பேரை எழுத்துப்படி படிச்சா கிளவ்செஸ்டர்னு வரும், அந்த ஊர்க்காரங்க சொல்றது கிளாஸ்டர்.

நம்ம இலக்கணத்துல இதுக்கு ரொம்ப அழகான பேர் இருக்கு, இடைக்குறை. ஒரு சொல் முதல், இடை, கடைன்னு மூணு இடத்துலயும் குறையும்னு நன்னூல் சொல்லுது. தாமரை 'மரை' ஆனா முதற்குறை, நீலம் 'நீல்' ஆனா கடைக்குறை, ஓந்தி 'ஓதி' ஆனா இடைக்குறை. ஓந்தின்னா நம்ம ஓணான்தான், குறுந்தொகையில "வேதின வெரிநின் ஓதிமுது போத்து"ன்னு வருது, அந்த 'ந்' அங்க இல்ல பாருங்க. அங்க செய்யுளுக்காகக் குறையுது, பேச்சுல வேகத்துல குறையுது, அந்த வித்தியாசம் உண்டு. ஆனா மயக்கத்தையே இடைக்குறைன்னு சொன்னாலும் எனக்கு சரியாத்தான் படுது.

உடம்புல என்ன நடக்குதுன்னா, ரத்தத்தைப் பார்த்தோ வலியிலயோ ரொம்ப நேரம் நின்னோ மூளையில இருந்து இதயத்துக்குப் போற வேகஸ்ங்கிற நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு குறையும், ரத்தக்குழாய் விரிஞ்சு ரத்தம் கால்ல தங்கிடும், பிரஷர் இறங்கி மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் குறைஞ்சிடும். கீழ விழுந்து படுத்தாலே பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்குள்ள நினைவு வந்துடும். அதனால விழுந்தவங்களைத் தூக்கி உட்கார வைக்காதீங்க, தயவுசெஞ்சு. படுக்க வெச்சு காலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க, முழுசா தெளியுற வரைக்கும் வாயில தண்ணி ஊத்தாதீங்க. கண்ணு இருட்டிக்கிட்டு வர்றப்பவே படுத்துட்டா இன்னும் நல்லது.

உங்க சீட்டுல சிங்கோபின்னு மட்டும் இருந்தா காரணம் என்னன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ வந்திருந்தா, நெஞ்சு வலியோ படபடப்போ கூட இருந்திருந்தா, வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தா, தள்ளிப் போடாம இதய டாக்டர்கிட்ட போய் ஈசிஜி எடுத்துடுங்க.